பாம்புக்கடி ஊசி வந்த வழி: நமது பொது சுகாதாரத் துறை இயங்கும் விதம்

குறுவை நடவு தொடங்கியதும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பாம்புக்கடி நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். சிலருக்கு இங்கேயே சிகிச்சையை முடித்துவிடுகிறோம். சிலரை, முதல் தவணை மருந்தை ஏற்றிய கையோடு, தாலுகா அரசு மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புகிறோம். "அரசு ஆஸ்பத்திரி என்றாலே தட்டிக் கழிப்பதுதானே" என்று அப்போது உறவினர்கள் கோபப்படுவதுண்டு. அந்தக் கோபத்தில் சில வேளைகளில் நியாயமும் இருக்கும். ஆயினும், எந்த நிலையத்தில் எதைச் செய்ய முடியும், அதை யார் நடத்துகிறார்கள் என்பது தெரியாததால்தான் பெரும்பாலும் இந்தப் பிணக்கு வருகிறது.

இந்திய அரசியலமைப்பின்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. கிராமப்புறத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு 1946இல் பரிந்துரைத்தது. ஆனால் அவற்றைக் கட்டி நடத்துவது மாநிலங்களின் பொறுப்பாகவே அமைந்தது. ஒன்றிய அரசு தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழியாக 60 பங்கு தர, மாநிலம் 40 பங்கு போடுகிறது. தமிழ்நாட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குள் மூன்று முக்கிய இயக்ககங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் கீழ் வருகின்றன. தாலுகா மருத்துவமனைகளையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் சார்பில் நலப்பணிகள் இணை இயக்குநர் கவனிக்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்தவை. அங்கே பொறுப்பாளர் கல்லூரி முதல்வர். ஆகவே ஒரு நோயாளி எங்களிடமிருந்து தஞ்சாவூருக்குப் போகும்போது ஊரை மட்டுமல்லாமல் நிர்வாகத்தையும் மாறுகிறார். நமது அமைப்பின் பலவீனமான இடம் இந்தக் கைமாற்றம்தான் என்பது என் கருத்து.

பலமும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. நோய் வராமல் தடுப்பதற்கென்று தனி இயக்ககமும், அதற்கெனப் பயிற்சி பெற்ற அலுவலர்களும், 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டமும் இங்கே இருப்பதால், சிகிச்சையின் நெருக்கடியில் தடுப்புப் பணி அமுங்கிப் போவதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். துணை நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் பதிவு செய்கிறார். சுகாதார ஆய்வாளர் தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்துத் துளி விட்டு, அது எவ்வளவு மஞ்சளாக மாறுகிறது என்று பார்க்கிறார். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு வயிற்றுப்போக்கு பரவாத ஊரில் இந்த வேலையை யாரும் கவனிப்பதில்லை. பரவினால்தான் அவர் பெயர் அடிபடும்.

மீண்டும் பாம்புக்கடிக்கு வருகிறேன். நாங்கள் ஏற்றும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதனை ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்குகிறது. வந்த சரக்கு உடனே எங்களுக்கு வந்துவிடுவதில்லை. அதன் மாதிரிகள், தயாரித்த நிறுவனத்தின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வினியோகம் நடக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. அதில் ஒதுக்கப்பட்ட தொகைக்குள், எங்களுக்குத் தேவையான மருந்தை நாங்களே கேட்டுப் பெறுகிறோம். எனவே ஒரு நிலையத்தில் மருந்து தீர்ந்துபோனால், அது கொள்முதலில் வந்த தாமதமா, கேட்டு எழுதுவதில் நடந்த அசட்டையா என்பதைக் கேட்டறிய மக்களுக்கு உரிமை உண்டு. நடவுக்கும் அறுவடைக்கும் முன்பே இருப்பைக் கூட்டிக்கொள்ளாத நிலையத்துக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

கடிபட்டவர் வந்ததும் அவருடைய இரத்தத்தில் 2 மில்லியை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் இரத்தத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். "ஊசி போடாமல் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே" என்று உறவினர் பதறுவது இந்த நேரத்தில்தான். கட்டுவிரியன் கடி வேறு வகை. இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தீண்டும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அவருக்கு வென்டிலேட்டர் வேண்டும். அது எங்கள் நிலையத்தில் இல்லை, இருக்கும்படி திட்டமிடப்படவும் இல்லை. மருந்தைத் தொடங்கி, 108 ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவதுதான் முறையான சிகிச்சை. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு, கீழ்த்தஞ்சைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தஞ்சாவூர் ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அதன்படி தனியார் மருத்துவமனைகளும் தங்களிடம் வரும் பாம்புக்கடிகளைத் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்த மாதம் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த நிலையத்தில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்று கணக்கிட முடியும். கணக்கு வைப்பதைக் காகித வேலை என்று ஏளனமாகப் பேசும் சக மருத்துவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

வயலில் கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மெட்டி, மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலுக்கு மூங்கில் தப்பையோ பலகையோ வைத்து அசையாமல் கொண்டுவாருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் உறிஞ்சுவதும், பாம்பைத் தேடி அடித்து எடுத்து வருவதும் வேண்டாம். காப்பீட்டு அட்டையைத் தேடியும் நேரத்தைக் கடத்த வேண்டாம். அரசு மருத்துவமனையில் இந்த மருந்துக்கு அட்டை தேவையில்லை, கட்டணமும் இல்லை.

மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டால் பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடித்த நேரம், எத்தனை குப்பி மருந்து எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது, குழாய்ச் சோதனையின் முடிவு ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் இரண்டு நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எங்காவது மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 104 எண்ணில் தெரிவியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையமென்றால் வட்டார மருத்துவ அலுவலரிடமும், தாலுகா மருத்துவமனையென்றால் இணை இயக்குநர் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள்.