கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கிரையப் பத்திரம் படித்தவர்களுக்கு ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ பழகிய தொடர். அடுத்தவர் நிலத்தின் வழியே நடக்க, வண்டி ஓட்ட, தண்ணீர் கொண்டுபோக நமக்குள்ள உரிமை அது. ஆங்கிலத்தில் ஈஸ்மென்ட். வசதி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சட்டத் தமிழில் வசதியுரிமை என்பார்கள்.

அதோடு ‘கன்சர்வேஷன்’ (இயற்கைப் பாதுகாப்பு) சேர்ந்தது அமெரிக்காவில். 1930களிலேயே புளூ ரிட்ஜ் மலைச்சாலையின் இயற்கை அழகு கெடாமலிருக்க, அரசு பக்கத்து நிலங்கள் சிலவற்றை வாங்காமல், அவற்றின் மீது இத்தகைய உரிமையை மட்டும் வாங்கியது. 1959இல் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் வைட் எழுதிய அறிக்கை இந்தப் பெயரைப் பரப்பியது.

இங்கே பொருள் தலைகீழ். நிலக்காரர் தன் நிலத்திலேயே ‘மனை பிரிக்க மாட்டேன், காட்டை அழிக்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்கிறார். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அடுத்து வருபவரையும் அந்த எழுத்து கட்டும். அதை அமல்படுத்தும் உரிமை அரசு அமைப்பிடமோ நிலங்களைக் காக்கும் அறக்கட்டளையிடமோ இருக்கும்.

சரி, இதனால் அவருக்கு என்ன லாபம்? மனையாக விற்றால் 10 லட்சம் டாலர், பண்ணையாக மட்டும் என்றால் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 6 லட்சம்தான் விட்டுக்கொடுத்த உரிமையின் மதிப்பு. அதை விலைக்கு விற்கலாம். தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு. காட்டால் வரும் நன்மை ஊருக்கு, அதை விட்டுவைக்கும் நட்டம் மட்டும் ஒருவருக்கு என்பது அநியாயம். அந்த நட்டத்தில் ஊரும் பங்கெடுப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நியாயம். மதிப்பை ஊதிக் காட்டி வரிக்கழிவு வாங்கிய முதலீட்டுக் கூட்டங்களும் கிளம்பின. 2022 சட்டம் அவர்களுக்கு வரம்பு வைத்தது: போட்ட பணத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

இந்தியாவின் 1882 ஈஸ்மென்ட் சட்டத்தில் இதற்கு இடமில்லை. அந்தச் சட்டப்படி ஒரு நிலத்தின் அனுபவத்துக்காகத்தான் இன்னொரு நிலத்தின் மீது உரிமை வரும். பயன்பெறும் நிலம் இல்லாத அறக்கட்டளை அதைக் கோர முடியாது.

‘பாதுகாப்பு வசதியுரிமை’ என்றால் யாருக்கு என்ன வசதி என்று குழப்பம் வரும். என் தேர்வு ‘இயற்கைக் காப்புப் பாத்தியம்’. பாத்தியம் வடமொழி வழி வந்ததுதான், ஆனால் பத்திர எழுத்தர் முதல் விவசாயி வரை புழங்கும் சொல். உரிமையையும் குறிக்கும், ‘கடனுக்குப் பாத்தியப்பட்ட சொத்து’ என்னும்போது பொறுப்பையும் குறிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டுமே வேண்டும். காப்புரிமை என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். அது பேட்டன்ட்டுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.