தாளில் விளக்கேற்றுவது எப்படி? வாட்டர்கலரில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு

பனி மூடிய நிலம், கூரான கோபுரத்தோடு ஒரு சின்ன தேவாலயம், பக்கத்தில் கூம்பு வடிவ ஸ்புரூஸ் மரங்கள், ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், மேலே ஒரு நட்சத்திரம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் அலுக்காமல் வரும் காட்சி இது. முதல்முறை வரைபவர்கூட கோடுகளைச் சரியாகப் போட்டுவிடுவார். ஜன்னலுக்கு மஞ்சளும் அடித்துவிடுவார். ஆனால் விளக்கு எரியாது. மஞ்சள் பெயின்ட் அடித்த கதவு மாதிரி இருக்கும்.

கோளாறு மஞ்சளில் இல்லை. தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது; அறையில் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நல்ல வெள்ளைத் தாள் தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பும். அடர் கறுப்பு பூசிய இடம்கூட நான்கைந்து பங்கைத் திருப்பிவிடும். ஆக, உங்கள் கையில் இருப்பது சுமார் 20 மடங்கு வித்தியாசம். நிஜ இரவில் பல்புக்கும் அதன் பின்னால் உள்ள இருட்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கும். வெறும் தாளின் வெள்ளையைவிடப் பெரிதாகப் பளிச்சிடும் வண்ணம் எந்தப் பெட்டியிலும் இல்லை. அதனால் விளக்கை எரிய வைக்கும் வேலை ஜன்னலில் நடப்பதில்லை, ஜன்னலைச் சுற்றி நடக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் வையுங்கள். கறுப்பின் மேல் உள்ளது வெளுத்துத் தெரியும். பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கண்ணை ஏமாற்றின. 1839-ல் அவர் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். அவருக்குத் தலைவலியாக வந்த அந்த ஏமாற்றுதான் நமக்கு மூலதனம்.

முதலில் தாள். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் நெளியும். தாளில் உள்ள மரநார் ஈரத்தில் நீளவாக்கில் அதிகம் வளராது, குறுக்குவாக்கில்தான் உப்பும். ஈரமான இடம் மட்டும் விரிந்து, காய்ந்த இடம் விரியாமல் நிற்பதால் மேடு பள்ளம் விழுகிறது. பள்ளத்தில் வண்ணம் தேங்கி, திட்டுத் திட்டாகக் காயும். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் வாங்கிவிடுங்கள். ஏ4 தாளைப் பலகையில் வைத்து, நான்கு ஓரமும் 1 செ.மீ. மறையும்படி மாஸ்கிங் டேப் ஒட்டி, நகத்தால் ஓரத்தை அழுத்திவிடுங்கள். இதோடு 12-ம் எண், 6-ம் எண், 2-ம் எண் பிரஷ்கள், இரண்டு குவளைத் தண்ணீர் (ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலக்க), பழைய பருத்தித் துணி, ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி, வெள்ளை போஸ்டர் கலர். வண்ணங்களில் அல்ட்ராமரைன் (நீலம்), லெமன் யெல்லோ, ஆரஞ்சு, கிரிம்சன் (அடர் சிவப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஐந்தும் போதும்.

தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, கீழிருந்து 6 செ.மீ. உயரத்தில் அடிவானக் கோட்டை மெல்லிய பென்சிலில் இழுங்கள். தேவாலயம் நடுவில் வேண்டாம். இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, 4 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கட்டடம் சின்னதாக இருந்தால்தான் இருட்டுக்கு இடம் கிடைக்கும். மரங்களில் எல்லோரும் செய்யும் தவறு, அத்தனை மரத்தின் அடியையும் ஒரே கோட்டில் நிறுத்துவது. கொலுப்படியில் அடுக்கிய பொம்மை ஆகிவிடும். கிட்டே இருக்கும் மரத்தின் அடி அடிவானத்துக்கு 4 செ.மீ. கீழே, உயரம் 11 செ.மீ.; தூரத்து மரத்தின் அடி கோட்டை ஒட்டி, உயரம் 3 செ.மீ. இந்த ஒரு வித்தியாசத்திலேயே நடுவில் ஒரு பனிவெளி தானாக விரியும்.

அடுத்தது மெழுகு, இந்தப் படத்தின் அரைவாசி வேலையை அதுதான் செய்கிறது. மெழுகும் தண்ணீரும் ஒட்டாது. மெழுகு தேய்த்த இடத்தில் வண்ணத்தண்ணீர் தாமரை இலை நீர்போல் உருண்டு விலகிவிடும். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியில் நடப்பதும் இதேதான். முக்கியமான விஷயம், மெழுகு அடியில் எது இருக்கிறதோ அதைக் காப்பாற்றும். அதனால் முதலில் ஜன்னல்களுக்கும் கதவுக்கும் லெமன் யெல்லோவை நீர்க்கப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் மெழுகைத் தேயுங்கள். கூரையின் பனிக்கும், கிட்டே உள்ள மரத்தின் கிளை மேல்விளிம்புக்கும், மேலே நட்சத்திரத்தின் நடுப்புள்ளிக்கும் வெறும் தாளிலேயே தேய்க்கலாம். எங்கே தேய்த்தோம் என்று தெரியாவிட்டால் தாளை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள், பளபளக்கும். அழிக்க முடியாது என்பதால் யோசித்துத் தேயுங்கள். அவசரத்துக்கு ஹேர் டிரையரும் பிடிக்காதீர்கள். மெழுகு உருகிப் பரவும்.

இனி வானம். இங்கேதான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன. நட்சத்திரத்தைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம் போட்டு, அதைச் சுற்றி நீல வானத்தைக் கொண்டுவந்து சேர்ப்போம். சேருமிடத்தில் ஒரு பச்சை வளையம் வந்து உட்காரும். மஞ்சள் வண்ணம் நீல ஒளியை விழுங்கும். நீல வண்ணம் சிவப்பையும் அதை அடுத்த நிறங்களையும் விழுங்கும். இரண்டும் விட்டுவைப்பது நடுவே உள்ள பச்சையை மட்டும். நிஜ விளக்கைச் சுற்றி இந்தப் பச்சை வராது, ஏனென்றால் அங்கே கலப்பது வண்ணப்பொடி அல்ல, ஒளி. மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் சேர்ந்தால் வெண்மை பக்கம்தான் போகும்.

டிசம்பரில் வாசலில் தொங்கும் சிவப்புக் காகித நட்சத்திரத்தை இரவில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தாள் முழுக்கச் சிவப்புதான். ஆனால் பல்புக்கு நேர் எதிரே உள்ள இடம் வெளிறிய ஆரஞ்சாகத் தெரியும். முனைகளுக்குப் போகப் போகச் சிவப்பு கனத்துக்கொண்டே போகும். மடிப்புகள் கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். அதே வரிசையைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் வெறும் தாள், சுற்றி விரல் அகலத்துக்கு நீர்த்த மஞ்சள், அதன் வெளியே ஆரஞ்சு, அதற்கும் வெளியே கிரிம்சனும் அல்ட்ராமரைனும் கலந்த நீர்த்த ஊதா, கடைசியில்தான் நீலம். ஆரஞ்சும் ஊதாவும் இடையில் நிற்பதால் மஞ்சளும் நீலமும் நேருக்கு நேர் சந்திக்காது. வானத்துக்கு பிரஷ்யன் ப்ளூ வேண்டாம் என்பதும் இதனால்தான். அது பச்சை பக்கம் சாய்ந்த நீலம். அல்ட்ராமரைன் ஊதா பக்கம் சாய்ந்தது, சிறு தவறை மன்னிக்கும்.

பூசும் முறை இப்படி. 12-ம் எண் பிரஷால் வானப்பகுதி முழுக்கச் சுத்தத் தண்ணீர் பூசுங்கள், கட்டடத்தைத் தொடாமல். குளம்போல் மின்னும்போது வண்ணம் வைத்தால் கட்டுப்பாடில்லாமல் ஓடும். மினுமினுப்பு குறைந்து பட்டுத்துணிபோல் தெரியும்போது தொடங்குங்கள். மஞ்சளிலிருந்து வெளியே போங்கள், வெளியிலிருந்து உள்ளே வராதீர்கள். மேல் மூலைகளில் அல்ட்ராமரைனோடு பர்ன்ட் அம்பர் கலந்து கிட்டத்தட்ட கறுப்பாகவே வையுங்கள். பயம் வரும், பரவாயில்லை. ஈரத்தில் தாளின் சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பியிருப்பதால் வண்ணம் ஆழமாகத் தெரிகிறது. காய்ந்ததும் அந்தச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்து வெண்மை கூட்டும். ஈரத்தில் சரியாக இருந்த வானம் காய்ந்தபின் வெளிறிப்போவது அதனால்தான்.

பாதி காய்ந்த வானத்தில் ஏதோ ஒரு குறையைத் திருத்தப் போகாதீர்கள். பிரஷில் உள்ள கூடுதல் தண்ணீர் அரைகுறை ஈரத்துக்குள் பாய்ந்து வண்ணத்துகள்களை வெளியே தள்ளும். விளிம்பில் அவை குவிந்து காலிஃபிளவர் வடிவில் ஒரு கறை நிற்கும். முழுக்கக் காயும்வரை தள்ளி உட்காருவதே திருத்தம்.

பனியை வெள்ளையாக விடலாமா? இரவுக் காட்சியில் கூடாது. பனித்துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ சமமாகச் சிதறடிக்கும். அதனால் தன் மேல் எந்த ஒளி விழுகிறதோ அந்த நிறத்தை அது அணிந்துகொள்ளும். பகலிலேயே பனியில் விழும் நிழல் நீலம்தான், அங்கே எட்டுவது வானத்தின் ஒளி மட்டும் என்பதால். எனவே நிலம் முழுக்க, மிக நீர்த்த அல்ட்ராமரைனில் ஒரு துளி கிரிம்சன் கலந்து பூசிவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழே மட்டும் 2 செ.மீ. நீளத்துக்குத் தாளை வெறுமையாக விட்டு, காய்ந்த பின் அங்கே நீர்த்த மஞ்சளும் ஓரத்தில் துளி ஆரஞ்சும் வையுங்கள். சுற்றியுள்ள நிலம் நீலமானதும் அந்தச் சின்னத் திட்டு சட்டென்று சூடேறும். ஜன்னலுக்குள் விளக்கு எரிவதாகக் கண் நம்பத் தொடங்குவது இந்தக் கணத்தில்தான்.

மரத்துக்கு டியூப் பச்சையை அப்படியே வைக்காமல் அல்ட்ராமரைன், மஞ்சள், கொஞ்சம் கிரிம்சன் கலந்து இருண்ட பச்சை செய்யுங்கள். நடுத்தண்டை ஒரு கோடாக இழுத்து, கிளைகளைத் தொங்கலாக, சமமில்லாமல் போடுங்கள். தூரத்து மரத்துக்கு அதே கலவையில் தண்ணீரும் நீலமும் கூட்டினால் போதும். சான்டாவை எங்காவது நிறுத்த ஆசைப்பட்டால் வெளிச்சத் திட்டுக்குள் நிறுத்துங்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நீலத்தைவிட வேகமாகச் சிவப்பு கறுத்துப்போகும், எனவே இருட்டில் நிற்கும் சிவப்பு அங்கி ஒட்டவைத்த படம்போல் தெரியும்.

கடைசியில் பனித்தூவல். வாட்டர்கலர் வெள்ளையை நீர்க்கப் பூசினால் அடியில் உள்ள நீலம் எட்டிப் பார்க்கும். போஸ்டர் வெள்ளையைப் பாலாடைப் பதத்தில் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷில் தொட்டு, தாளிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் கட்டைவிரலால் தெறிக்க விடுங்கள். ஜன்னலை ஒரு துண்டுத் தாளால் மூடிக்கொள்ளுங்கள். பெரிய துளிகள் சிலவற்றை 2-ம் எண் பிரஷால் கீழ்ப்பகுதியில் மட்டும் வைக்கலாம். அலங்காரத்துக்கு ஓரத்தில் பனிப்பூ வரைவதானால் ஆறு கைதான், எட்டு அல்ல. பனிப்பூ ஏன் எப்போதும் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611-லேயே தலையைப் பிய்த்துக்கொண்டார். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்து நிற்பதே காரணம்.

டேப்பை உரிக்குமுன் புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஈரத்தாளில் டேப் மேல்தோலைக் கையோடு கிழித்துக்கொண்டு வரும். சில்லென்று இல்லையென்றால், ஒரு மூலையிலிருந்து, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து, மெல்ல உரியுங்கள்.