இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்

வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளை ஒரே தளத்தில், அதாவது எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருளில், இணைத்துத் தருவது என் வேலை. ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே நீர்க்கசிவு சென்சார் வைத்திருந்தார்கள். செயலியைத் திறந்தால் பச்சை வட்டம், பக்கத்தில் 'கசிவு இல்லை'. குனிந்து பார்த்தால் அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பிக் கிடந்தது. சென்சாரை எடுத்துப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த காசு அளவு பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

சென்சார் கடைசியாக அனுப்பிய செய்தியைத்தான் செயலி காட்டிக்கொண்டிருந்தது. இணையத்தோடு இணையும் கருவிகளுக்கான (ஐஓடி) தளங்கள் பலவற்றின் பின்னணியில் ஓடுவது எம்க்யூடிடி என்ற நெறிமுறை, அதாவது கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் விதிமுறை. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. நடுவில் இருக்கும் 'புரோக்கர்' என்ற மென்பொருளிடம் செய்தியைக் கொடுக்கும், வேண்டிய கருவி அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். கடைசிச் செய்தியைப் புரோக்கரே வைத்திருந்து, புதிதாக வந்து கேட்பவருக்கு உடனே கொடுக்கவும் முடியும். ரொம்ப உபயோகமான வசதி. ஆனால் அந்தச் செய்தி ஐந்து நொடிக்கு முன் வந்ததா, ஐந்து வாரத்துக்கு முன் வந்ததா என்று திரையில் தெரியாது.

இதை யோசித்தே அந்த நெறிமுறையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. புரோக்கரோடு இணையும்போதே கருவி ஓர் உயில் எழுதிக் கொடுத்துவிடலாம்: 'நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் எல்லோருக்கும் இந்தச் செய்தியை அனுப்பிவிடு.' அதன் பெயரே 'லாஸ்ட் வில்' தான். மின்சாரத்தில் எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் கருவிக்கு இது நன்றாக உதவும். பேட்டரி சென்சாருக்கு ஒத்துவராது. அது பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்கு, 'ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லையென்றால் எச்சரிக்கை அனுப்பு' என்று தளத்தில் ஒரு விதி எழுத வேண்டும். அன்று அந்த வீட்டில் எழுதிக் கொடுத்தேன், சில நிமிட வேலை. பலகை ஊறுவதற்கு முன்பே யாராவது எழுதியிருக்கலாமே என்று இன்றும் மனசு ஆறவில்லை.

கருவி மட்டுமல்ல, அதன் பின்னால் இருக்கும் நிறுவனமும் நின்றுபோகலாம். 2016 மே மாதம், வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவால்வ் ஹப் என்ற பெட்டியின் சேவை நிறுத்தப்பட்டது. பழுதில்லாத ஹப்புகள் அன்றோடு பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன.

அதனால் எந்தத் தளத்தை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வைஃபை ஓடட்டும், ரவுட்டருக்கு இணையம் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். இப்போது சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறதா? ஆள் நடமாட்ட சென்சார் படிக்கட்டு விளக்கைப் போடுகிறதா? இல்லையென்றால், பக்கத்து அறையில் இருக்கும் விளக்குக்கு உங்கள் கட்டளை எங்கேயோ இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்புகிறது என்று அர்த்தம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அப்படி ஓர் அமைப்பை நான் போட்டுத் தர மாட்டேன்.

2022 அக்டோபரில் வந்த மேட்டர், அதாவது வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கான பொதுத் தரநிலை, இந்த விஷயத்தில் பெரிய ஆறுதல். கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேரும். ஒரே கருவியை ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் சேர்க்கலாம். ஆனால் பெட்டியில் மேட்டர் முத்திரை இருப்பதாலேயே எல்லாம் கிடைத்துவிடாது. சில கூடுதல் வசதிகள் கருவியைச் செய்த நிறுவனத்தின் சொந்தச் செயலியில்தான் வரும். உங்களுக்கு வேண்டியது அதில் எது என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மேட்டர் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டையும் அதனடியில் இருக்கும் 11 இலக்க எண்ணையும் பொருத்துவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். தளம் மாற வேண்டி வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான். கூரையில் பதித்த விளக்கைக் கழற்றி, ஏணியில் நின்றபடி டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணைப் படிக்க நேர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.