வேக்சின் பாஸ்போர்ட்: கடவுச்சீட்டா, சான்றா?

கொரோனா காலத்தில், குறிப்பாக 2021இல், பயணத்தின்போது தடுப்பூசி போட்டதைக் காட்டும் தாளுக்குப் பெயராக 'வேக்சின் பாஸ்போர்ட்' என்ற சொல் தமிழ்ச் செய்திகளில் பல உருவங்களில் வந்தது. சிலர் அப்படியே எழுதினார்கள். சிலர் 'தடுப்பூசி பாஸ்போர்ட்' என்று பாதியை மாற்றினார்கள். 'தடுப்பூசிக் கடவுச்சீட்டு' என்று முழுவதையும் மாற்றியவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னது காதுக்கு இனிமையாக இருக்கிறது, இலக்கணமும் சரி. ஆனாலும் அதை ஏற்கக்கூடாது என்றே நினைக்கிறேன். மூலச்சொல்லுக்குள் இருந்த குழப்பத்தை அது அப்படியே தமிழுக்குள் இறக்கிவிடுகிறது. இரண்டு டோஸ் போட்டு, சான்றும் கையில் வைத்திருந்தும், விமான நிலைய கவுன்டரில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தக் குழப்பம் என்னவென்று தெரியும்.

முதல் பாதியை முதலில் பார்ப்போம். 'வேக்சின்' என்ற சொல்லுக்குள் பசு இருக்கிறது. லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. மாட்டம்மை வந்துபோன பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று இங்கிலாந்தின் கிராமங்களில் பேச்சு இருந்தது. எட்வர்ட் ஜென்னர் 1796இல் அதைச் சோதித்துப் பார்த்தார். 1798இல் வெளியிட்ட நூலில் மாட்டம்மையை 'வேரியோலே வேக்சினே', அதாவது பசுவின் அம்மை என்று குறித்தார். பசுவோடு சம்பந்தமே இல்லாத மற்ற நோய்களின் தடுப்பு மருந்துக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம், அது ஜென்னருக்குச் செய்யும் மரியாதை என்று 1881இல் லூயி பாஸ்டர் முன்மொழிந்தார். அன்றிலிருந்து எல்லாமே வேக்சின்.

தமிழில் இதற்குப் பழைய வழக்கு 'அம்மை குத்துதல்'. குத்துகிற மருந்துக்கு 'அம்மைப்பால்' என்று பெயர். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் தோன்றியதே இந்த அம்மைப்பாலுக்காகத்தான். கன்றுகளின் உடலில் வளர்த்து எடுத்து மாகாணம் முழுவதற்கும் அனுப்பினார்கள். 2020இல் தமிழ்நாட்டில் கொரோனா மாதிரிகளைச் சோதிக்கத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்று வாங்கும் இடங்களில் ஒன்றும் அதுதான். இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அந்த ஒரு வளாகத்துக்குள் அடங்கிவிடும் என்றே சொல்லலாம்.

'தடுப்பூசி' பின்னால் வந்த நல்ல சொல், எல்லோருக்கும் புரியும். அதில் ஒரே ஒரு குறை, ஊசி. போலியோ சொட்டு மருந்து ஊசி இல்லை. ஆனால் சில நாடுகளுக்கு இடையே பயணம் செய்ய அதற்கும் சான்று கேட்கிறார்கள். பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் 'தடுப்பு மருந்து' என்பதே பொருந்தும்.

அடுத்த பாதிதான் சிக்கலானது. 'பாஸ்போர்ட்' பிரெஞ்சு வழியாக வந்தது. 'பாஸ்' என்றால் கட. 'போர்ட்' என்பதைத் துறைமுகம் என்றும் சொல்கிறார்கள், ஊர் வாயில் என்றும் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கடந்துபோக உதவும் தாள். 'கடவு' என்ற தமிழ்ச்சொல்லும் 'கட' என்ற அடியிலிருந்து வருவது, வழி என்று பொருள். இலங்கையில் சாலையைக் கடக்கும் இடத்தைப் 'பாதசாரிக் கடவை' என்பார்கள், அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். பாஸ்போர்ட்டை இலங்கைத் தமிழர்கள் இயல்பாகவே கடவுச்சீட்டு என்கிறார்கள். மலேசியா, சிங்கப்பூர் ஏடுகள் 'கடப்பிதழ்' என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டில் நாம் மட்டும் பாஸ்போர்ட்டிலேயே நின்றுவிட்டோம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரால், இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று ஓர் அரசு மற்ற அரசுகளிடம் கேட்டுக்கொள்கிறது. ஒரு நாடு தன் குடிமகனுக்காக முன்வந்து பேசும் தாள் அது. தடுப்பூசித் தாள் அப்படி எதையும் கேட்பதில்லை. இன்னாருக்கு, இந்தத் தேதியில், இந்த மருந்து போடப்பட்டது. அதில் இருப்பது அவ்வளவுதான்.

இந்த இரண்டு வகைத் தாளும் நம் மண்ணிலேயே ஒரே காலத்தில் அருகருகே இருந்திருக்கின்றன. 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. (2020இல் ஊரடங்கு தொடங்கும்போது மாநிலங்கள் தூசி தட்டி எடுத்ததும் இதே சட்டத்தைத்தான்.) நோய் பரவிய இடங்களிலிருந்து வரும் பயணிகளுக்குச் சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். அதை வாங்கியவர் போய்ச் சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்கள்வரை அதிகாரியிடம் முகம் காட்டியாக வேண்டும். அவருக்கு நோய் இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. போகலாம், ஆனால் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றது. ஆகவே அதைப் பாஸ்போர்ட் என்றது முற்றிலும் சரி. அதே ஆண்டுகளில் வால்டெமர் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பு மருந்தைக் குத்திக்கொண்டவர்களுக்குத் தனியே ஒரு சான்று தரப்பட்டது. சில கெடுபிடிகளிலிருந்து அது விலக்கு வாங்கித் தந்தது. அந்தக் காலத்து அதிகாரிகள் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு நாம்தான் கலந்துவிட்டோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் கதை இதைவிடக் கடினமானது. தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் வழி 1914இல் திறந்தது. அந்த வழியில் போன தொழிலாளர்களை இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் தடுத்துவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றியது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று காட்ட, எண் பொறித்த சின்னத் தகர வில்லை ஒன்றும் கொடுத்தார்கள். நோய் பார்ப்பது, அனுமதி தருவது, ஆளை அடையாளம் வைப்பது மூன்றையும் ஒரே கை செய்தது. அவர்களுக்காகப் பேசத் தனியாக ஒரு தாள்கூட அவர்களிடம் இல்லை. 'மண்டபம் கேம்ப்' என்ற ரயில் நிலையப் பெயரில் அந்த முகாம் இன்றும் இருக்கிறது.

ஐரோப்பாவில் இன்னும் பழைய மாதிரிகள் உண்டு. 1377இல் இன்றைய குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் நகரம், நோய் உள்ள இடங்களிலிருந்து வருபவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது நாற்பதாகி, இத்தாலிய மொழியின் 'நாற்பது' என்ற சொல்லிலிருந்து குவாரண்டைன் பிறந்தது. இத்தாலிய நகரங்கள் பயணிகளுக்கு 'ஃபேதே தி சனிதா' என்று ஒரு தாள் கொடுத்தன. 'ஃபேதே' என்றால் நம்பிக்கை, உறுதிமொழி. இவர் வரும் ஊரில் நோய் இல்லை என்று அந்த ஊர் தரும் வாக்கு அது. கப்பல்களுக்கும் இதேபோல் உண்டு. புறப்பட்ட துறைமுகத்தில் தொற்று இல்லை என்றால் 'தூய்மையான' பத்திரம், இருந்தால் வேறு வகைப் பத்திரம். இவை எல்லாமே வாக்குமூலங்கள். அதைக் கேட்டுவிட்டு உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை வந்து சேரும் துறைமுகம்தான் முடிவு செய்தது.

இனி 2021க்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் கோவிட் சான்று ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'சான்று'தான் இருந்தது, பாஸ்போர்ட் என்றது செய்தித்தாள்கள். பெயர் செய்யும் வேலையைப் பாருங்கள். பாஸ்போர்ட் என்றதும் 'இது இருந்தால் போகலாம்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சான்று என்றிருந்தால் 'இந்தச் சாட்சியை அவர்கள் ஏற்பார்களா?' என்ற கேள்வி தானே எழும். அந்த ஆண்டில் உண்மையாகவே தேவைப்பட்ட கேள்வி அதுதான். கோவாக்சினுக்கு உலக சுகாதார அமைப்பின் அவசரகால அங்கீகாரம் நவம்பர் 3இல்தான் கிடைத்தது. அதுவரை அதைப் போட்டுக்கொண்டவர்களின் சான்று உண்மையானது, ஆனால் பல நாடுகளில் செல்லவில்லை. அதற்குச் சற்றுமுன், பிரிட்டன் கோவிஷீல்டு மருந்தை ஏற்றுக்கொண்டு, இந்தியச் சான்றை மட்டும் ஏற்காமல் வைத்திருந்தது. இந்தியாவும் பதிலுக்கு பிரிட்டிஷ் பயணிகளுக்குத் தனிமைப்படுத்தலை விதித்தது. அக்டோபர் 11இலிருந்துதான் அந்த இழுபறி தீர்ந்தது. இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்த இடத்தில் முழுப் பிறந்த தேதியோடு வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்று வந்ததும் அந்த நாட்களில்தான்.

உலக சுகாதார அமைப்பே, தடுப்பூசி எல்லா நாடுகளுக்கும் சமமாகக் கிடைக்காதவரை பயணத்துக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று அரசுகளிடம் 2021இல் சொன்னது. பாஸ்போர்ட் என்ற பெயர் மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதில்தான். ஊசி கிடைக்காத ஏழை நாட்டுக்காரர் ஏதோ உரிமைச் சீட்டை வாங்கத் தவறியவர் போல அந்தப் பெயர் காட்டியது.

சரி, அப்போது கேட்ட தாள்கள் எத்தனை வகை? மூன்று வகை, மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் தமிழிலேயே இருக்கிறது. தடுப்பூசி போட்டதையும் ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனையின் முடிவையும் சொல்பவை சான்றுகள். இந்தியா வருபவர்கள் ஏர் சுவிதா தளத்தில் நிரப்பியது, தன்னைப் பற்றித் தானே சொல்லும் உறுதிமொழிப் படிவம். சிங்கப்பூர் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிப் பயண வழி திறந்தபோது (சென்னையிலிருந்து 2021 நவம்பர் 29 முதல்) முன்கூட்டி வாங்கச் சொன்னது அனுமதி. மூன்றில் கடவுச்சீட்டு என்று அழைக்கத் தகுந்தது ஒன்று உண்டென்றால் அது இந்த அனுமதிதான். முதல் வகையை வைத்துக்கொண்டு மூன்றாவது கையில் இருப்பதாக நம்பினால் சிக்கல்தான்.

'சான்று' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். இதை 'சால்' என்ற வினையோடு சேர்ப்பார்கள். நிறைதல், தகுதியாதல் என்று பொருள். 'சாலச் சிறந்தது' என்கிறோமே, அதே சால். சான்றோர் என்பதும் அதிலிருந்துதான். சான்று என்றால் சாட்சி, போதுமான நிரூபணம். அதோடு இதழ் சேர்ந்தால் சான்றிதழ். கடவுச்சீட்டில் அரசு பேசுகிறது, சான்றில் நடந்த ஒன்றைப் பற்றி ஒருவர் சாட்சி சொல்கிறார். அப்படி எடுத்துக்கொண்டால், நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பதுபோல் இந்தத் தாளையும் விசாரிக்கத் தோன்றும்.

முதலில், யாரைப் பற்றிய சாட்சி? தமிழர்களுக்கு இதுவே பெரிய தலைவலி. ஆதாரில் 'மு. குமார்', பாஸ்போர்ட்டில் முருகன் என்ற அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில். ஆதாரைக் காட்டி ஊசி போட்டால் சான்றிலும் முன்னெழுத்துதான் வரும். மென்பொருளோ வேற்றுநாட்டு அதிகாரியோ இரண்டையும் இரு வேறு ஆளாகப் பார்க்கும். அதனால்தான் கோவினில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தவும் வழி செய்தார்கள். எந்த நோய்க்கான ஊசியானாலும், வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டையே காட்டிப் போட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், எப்போதிலிருந்து எப்போதுவரை செல்லும்? ஆர்டி-பிசிஆரில் இந்தியா 72 மணி நேரம் என்றது. அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல் 'ஒரு நாள் முன்' என்றது, அது மணிக்கணக்கு இல்லை, காலண்டர் நாள். மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா என்பதையும் பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்று போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். நாளைக்குப் பயணம் என்று இன்று போட்டுப் பயனில்லை. அதன் ஆயுள் முன்பு பத்து ஆண்டு, 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுவதும். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு இந்தியாவில் ஏராளமாக இருப்பதால், நோய் உள்ள நாட்டிலிருந்து இந்தச் சான்று இல்லாமல் வருபவரை நம் அரசு ஆறு நாள்வரை தனிமையில் வைக்கும். கென்யாவுக்கோ பிரேசிலுக்கோ போகிறவர்கள் திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கடைசியாக, சாட்சி சொல்வது யார்? 'மஞ்சள் அட்டை' என்று பேச்சில் வழங்கும் உலக சுகாதார அமைப்பின் கையேட்டில் மருத்துவரோ அங்கீகாரம் பெற்ற சுகாதாரப் பணியாளரோ கையால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மையத்தின் முத்திரையும் வேண்டும், ஆனால் முத்திரை கையெழுத்துக்கு ஈடாகாது. அடித்தல் திருத்தல் இருந்தாலோ ஒரு கட்டம் விடுபட்டாலோ செல்லாமல் போகலாம். குழந்தைக்குத் தனிச் சான்று வேண்டும். ஊசி போட்ட இடத்திலேயே, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் இவை எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

ஆகவே என் பரிந்துரை: பேச்சிலும் செய்தியிலும் 'தடுப்பூசிச் சான்று'. சொட்டு மருந்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய அலுவல் எழுத்தில், குறிப்பாக மஞ்சள் அட்டைக்கு, 'பன்னாட்டுத் தடுப்பு மருந்துச் சான்று'. நாடு முன்கூட்டித் தரும் இசைவுக்கு 'நுழைவு அனுமதி'. கடவுச்சீட்டு என்ற பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இருக்கட்டும். இந்தச் சான்றை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்ப வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கூடவே அதே தாளில் இன்னொரு மொழியிலும் நிரப்பலாம் என்று அதே விதி இடம் தருகிறது. அந்த இன்னொரு மொழி தமிழாக இருக்கத் தடை ஏதும் இல்லை.