விளக்குத் தண்டாக மாறினாலும் அது துப்பாக்கிதான்

ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறினால், கொஞ்ச நாளில் என்னைத் தேடி யாராவது வந்துவிடுவார்கள். "பரண்ல ஒரு துப்பாக்கி கிடக்கு சார், வெள்ளைக்காரன் காலத்துது. லேம்ப் ஸ்டாண்டா மாத்தித் தர முடியுமா?" என்பார்கள். சேலத்தில் உரிமத்தோடு துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் முதலில் லைசென்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். "ஆன்டிக் பீஸுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

இந்த எண்ணம் ஆளை வழக்கில் மாட்டிவிடும். 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சில பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் வழக்கொழிந்த மாதிரியாகவோ, தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்தால் மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். குழல் முனையில் பல்பு ஹோல்டரைச் சொருகி, அடியில் தேக்குப் பலகை வைத்த துப்பாக்கியின் போல்ட்டும் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உலோகத் தண்டு) விசையும் அப்படியே இருந்தால், ஹோல்டரைக் கழற்றியதும் அது மறுபடி துப்பாக்கிதான். உரிமமில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண வகைத் துப்பாக்கிக்கே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை; 303 போன்ற தடைசெய்யப்பட்ட வகைக்கு இன்னும் அதிகம். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வேலை இல்லை இது.

ராணுவத் துப்பாக்கியை மாற்றும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல, அரசே செய்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களை நம்பாத ஆங்கிலேயர்கள், என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும் சுருள்வரிகளைக் கடைந்து வழவழப்பாக்கி, தூரம் குறைந்த துப்பாக்கியாக அவர்கள் கையில் கொடுத்தார்கள். 1860களில் குழலின் வாய்வழி மருந்து கெட்டிக்கும் 1853 மாடல் என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, பின்னாலிருந்தே தோட்டா போடும்படி கீல் வைத்த மூடி பொருத்தினார்கள். அதுதான் ஸ்நைடர். பிற்காலத்தில் 303 குழல் அளவுள்ள லீ என்ஃபீல்டு ரைஃபிள், போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் வரியில்லாத குழல் கொண்ட 410 அளவு மஸ்கட்டாக மாறியது. ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் புரியும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் இருக்க வேண்டிய பள்ளத்தில் மரத்துண்டு அடைத்திருக்கும், ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போடலாம். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வரியே தெரியாது. ஒரே உடலில் இரண்டு காலம் தெரிகிற இந்தத் துப்பாக்கிகள்தான் என்னைப் பொறுத்தவரை சேகரிப்பின் உச்சம்.

அதனால்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு, துப்பாக்கியில் பொறித்திருக்கும் முத்திரைகளை அழித்துவிடுகிறார்கள். அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் ராணுவம் கழித்து விற்றது என்று பொருள். போலியையும் முத்திரையே காட்டிக்கொடுக்கும். விக்டோரியா ராணியின் வி.ஆர். முத்திரைக்குக் கீழே 1905 என்று இருந்தால் வாங்காதீர்கள், ராணி 1901லேயே இறந்துவிட்டார்.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் சில, உள்ளே மருந்தும் குண்டுமாகவே பரணில் கிடக்கின்றன. ஈரம் படாத கருமருந்து எத்தனை வருஷமானாலும் கெடாது. அதை வெல்டிங் பட்டறையில் சூடேற்றினால் என்ன ஆகும்? துப்பாக்கியின் வாயைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். குச்சி நின்றதும் குழல் வாய் மட்டத்தில் அடையாளம் போட்டுக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். மருந்தைப் பற்றவைக்கும் கேப் வைக்கும் இடத்துக்குச் சில அங்குலம் முன்பே குச்சி முடிந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது. குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், அதற்குமேல் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

பரணில் துப்பாக்கி கிடைத்தால் காரில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி என்னிடம் வராதீர்கள். உரிமமில்லாமல் கொண்டுவருவதே குற்றம், நானும் அதில் கை வைக்க முடியாது. இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். முத்திரையும் நம்பரும் தெளிவாக விழ வேண்டும். தாத்தா பெயரில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று பீரோவைத் தேடுங்கள். பிறகு உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோயிருந்தால் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். ஏற்காட்டுக்காரர்கள் மாவட்ட ஆட்சியரிடமும், சேலம் மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். இப்போது ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்குதான். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் தம்பி பெயரிலோ மகள் பெயரிலோ விண்ணப்பிக்க முடியுமா என்று முதலிலேயே வீட்டில் பேசி வையுங்கள்.