கடைசி நேரத்தில் ஒரு பாட்டில் குளுக்கோஸ்

பாம்பனில் என் பெரியப்பா கடைசிப் படுக்கையில் கிடந்தபோது வீட்டில் வந்துபோன எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “ரெண்டு நாளா பச்சத்தண்ணி இறங்கல, ஒரு பாட்டிலாவது ஏத்துங்க.” ஈரலில் புற்று முற்றிப்போய், இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை, தெரிந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டு ஏற்றினோம். மறுநாள் கை கால் வீக்கம் கூடிவிட்டது, தொண்டையில் கரகரவென்று சத்தம். அது ஏன் என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோய் முற்றிய உடம்பில் குடல் மெதுவாகிவிடும், சிறுநீரகமும் ஓய்ந்துகொண்டே வரும். சாப்பாடு நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது, அதில் உண்டாகும் கீட்டோன் பசியை அடக்கிவிடும். நாம் பட்டினி கிடக்கும்போது வயிறு கிள்ளுகிற மாதிரி அவருக்கு இருக்காது. சரி, ஏற்றிய தண்ணீர் எங்கே போகும்? ரத்தக்குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் அல்புமின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. அதைச் செய்வது ஈரல். ஈரல் கெட்டால் அல்புமின் குறையும், குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் காலுக்கும் வயிற்றுக்கும், சிலருக்கு நுரையீரலுக்கும் கசியும். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடைசி நாட்களில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினம் 1 லிட்டரும் மறுபாதிக்கு வெறும் 100 மில்லியும் ஏற்றிப் பார்த்தார்கள். உபாதையிலும் சரி, உயிரோடு இருந்த நாட்களிலும் சரி, சொல்லும்படி வித்தியாசம் இல்லை. (வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவர்களின் கதை வேறு, அங்கே அதே பாட்டில்தான் உயிரைக் காப்பாற்றும்.)

வாய் காய்வது மட்டும் உண்மையான கஷ்டம். ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் தணியும். நம் பக்கம் பால் ஊற்றுவார்கள், கீழக்கரையில் மெக்காவிலிருந்து வரும் ஜம்ஜம் தண்ணீர் கொடுப்பார்கள். தயவுசெய்து உதட்டில் தொட்டு வையுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அப்புறம், “இழுத்துக்கிட்டுக் கிடக்கு” என்கிறோமே, அந்த மூச்சு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதைக் கவனித்து மூச்சைத் தூண்டுவது மூளைத்தண்டு. அந்தக் கவனிப்பு தடுமாறும்போது மூச்சு கொஞ்ச நேரம் நின்றேவிடும், வாயு ஏறியதும் பெருமூச்சாக வரும், மறுபடி அடங்கும். கரகரப்பு, விழுங்கப்படாத எச்சில் தொண்டையில் தங்குவதால். பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறும், மயக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே சத்தம் குறையலாம். உண்மையிலேயே மூச்சுத் திணறுகிறவருக்கு டாக்டர் சிறிய அளவில் மார்ஃபின் என்ற வலிமருந்து கொடுப்பார், சரியான அளவில் அது சாவை விரட்டிக் கொண்டுவராது.

இதெல்லாம் தெரியாதபோதுதான் வீட்டில் சண்டை வருகிறது. ஒருவர் 150 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்பார், இன்னொருவர் துபாயிலிருந்து போன் போட்டு “நான் வர்ற வரைக்கும் மெஷின்ல வைங்க” என்பார். பாசம்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும் என்கிறோமே, அது அவ்வளவு நிச்சயம் இல்லை. 16 ஆய்வுகளைச் சேர்த்து 2006-இல் பார்த்தபோது, நோயாளியின் விருப்பத்தை நெருங்கிய சொந்தங்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம்தான். மூன்றில் ஒன்று தப்பு. நாமோ நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவிடுகிறோம், பிறகு எப்படிக் கேட்பது?

குணமாகாத நிலை வந்தால் வெண்டிலேட்டர் மாதிரி உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று, தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்று போட்டால் போதும்.

பெரியப்பா ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் வலை யாருக்கு, யாரிடம் எவ்வளவு கடன், எந்த நகை எந்த அடகுக்கடையில் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பாட்டில் ஏற்றலாமா என்று மட்டும், அவர் பேசிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் கேட்கவில்லை.