ஷேடரின் முதல் வரியில் இருக்கும் யூனிட்டி

யூனிட்டி என்ற கேம் எஞ்சினின் பழைய ரெண்டர் (திரையில் வரையும்) முறைக்கு எழுதிய ஷேடர்களில், அதாவது பொருள்கள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல்களில், 'யூனிட்டிசிஜி' கோப்பை இன்க்ளூட் செய்யும் (உள்ளே சேர்க்கும்) வரி ஒன்று அநேகமாக இருக்கும். பலரும் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து படிப்பதுதான் ஷேடர் கற்க நல்ல வழி என்பேன்.

இன்க்ளூட் வரி செய்யும் வேலை எளிது. கம்பைல் தொடங்கும் முன், ப்ரீபிராசசர் அந்தக் கோப்பின் எழுத்துகளை அப்படியே எடுத்து அந்த இடத்தில் வைக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள் உள்ளே வந்தாலும் கவலை வேண்டாம். நாம் அழைக்காத ஃபங்ஷன்களைக் கம்பைலர் கழித்துவிடும், படத்தை வரையும் சிப்பான ஜிபியுவுக்குச் சுமை ஏறாது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? மெஷ்ஷின், அதாவது பொருளின் வடிவ வலையின், ஒரு புள்ளியைத் திரைக்குரிய இடத்துக்கு மாற்றும் 'யூனிட்டி ஆப்ஜெக்ட் டு கிளிப் பாஸ்' ஃபங்ஷனைப் பாருங்கள். முன்பெல்லாம் பொருள், கேமரா, ப்ரொஜெக்‌ஷன் (முப்பரிமாணக் காட்சியைத் தட்டையான திரைக்கு மாற்றுவது) மூன்றும் சேர்ந்த ஒரே மேட்ரிக்ஸால் (இடமாற்றத்தைக் குறிக்கும் எண் அட்டவணை) நாமே பெருக்குவோம். இந்த ஃபங்ஷனோ முதலில் பொருளின் மேட்ரிக்ஸாலும், பிறகு கேமராவும் ப்ரொஜெக்‌ஷனும் சேர்ந்த மேட்ரிக்ஸாலும் பெருக்குகிறது. இப்படிப் பிரித்ததில் பலன் உண்டு. ஒரே மரத்தை ஆயிரம் இடங்களில் ஒரே அழைப்பில் வரையும் இன்ஸ்டன்சிங்கில், கேமரா பகுதி எல்லா மரத்துக்கும் பொது. பொருளின் மேட்ரிக்ஸ் மட்டும் மரத்துக்கு மரம் மாறும். இன்ஸ்டன்சிங்குக்கான சில வரிகளைச் சேர்த்தால், அதே மேட்ரிக்ஸ் பெயரை இன்னொரு இன்க்ளூட் கோப்பு ஓர் அரேயிலிருந்து எடுக்கும்படி மாற்றி வைத்துவிடுகிறது. பெருக்கும் வரியை நாம் தொடவே வேண்டியதில்லை.

ஒரு புள்ளி கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஆழ மதிப்பில்தான் இந்தக் கோப்புகளின் அருமை முழுதாகத் தெரியும். டைரக்ட்3டி 11, மெட்டல் போன்ற கிராஃபிக்ஸ் இடைமுகங்களில் யூனிட்டி ஆழத்தைத் தலைகீழாக வைக்கிறது: அருகே 1, தொலைவில் 0. ஃப்ளோட் எண்களின் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வகை) நுட்பம் சுழியத்தை ஒட்டியே செறிவாக இருக்கிறது. பெர்ஸ்பெக்டிவ் கணக்கோ தொலைவில் உள்ளவற்றை ஒரு முனையில் நெருக்கித் தள்ளுகிறது. அந்த முனையைச் சுழியத்தில் வைத்தால், தூரத்து மலையும் அதன்மேல் ஒட்டிய பாதையும் ஒன்றோடொன்று மோதி மினுங்குவது வெகுவாகக் குறையும். ஓப்பன்ஜிஎல் பழைய திசையிலேயே நிற்கிறது. 'சிறிய எண் என்றால் அருகில்' என்று நாமே எழுதினால், ஆழத்தை வைத்து வரையும் நீரின் கரை நுரை கணினியில் ஒரு மாதிரியும் ஓப்பன்ஜிஎல் உள்ள ஃபோனில் வேறு மாதிரியும் தெரியும். ஆழத்தைச் சீரான தொலைவாக மாற்றும் 'லீனியர் 01 டெப்த்' ஃபங்ஷனை அழைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. தளத்துக்கு ஏற்ற எண்களை எஞ்சினே நிரப்பித் தருகிறது.

மேற்பரப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்று சொல்லும் நார்மலுக்கும் இப்படியே. பொருளை ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டினால், இடத்தை மாற்றும் மேட்ரிக்ஸ் நார்மலைச் சாய்த்துவிடும். அதற்கு அந்த மேட்ரிக்ஸின் இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ் (நேர்மாற்றை வரிசை-நிரல் மாற்றிய வடிவம்) வேண்டும். 'யூனிட்டி ஆப்ஜெக்ட் டு வேர்ல்ட் நார்மல்' அதைக் கவனித்துக்கொள்கிறது.

யூனிட்டியின் புதிய ரெண்டர் முறையான யுஆர்பிக்கு மாறியவர்கள் 'கோர்' என்ற ஹெச்எல்எஸ்எல் (ஷேடர் எழுதும் மொழி) கோப்பை இன்க்ளூட் செய்ய வேண்டும். அங்கே ஃபங்ஷனின் பெயர் 'டிரான்ஸ்ஃபார்ம் ஆப்ஜெக்ட் டு ஹெச்கிளிப்'. பழையதையும் புதியதையும் ஒரே ஷேடரில் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே பெயர்களை அறிவிப்பதால், ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது என்று கம்பைலர் பிழை காட்டும். அந்தப் பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கணக்கை அல்ல, இன்க்ளூட் வரிகளை.